வெள்ளைத் தாளுக்கு ஒப்புதல்

செப்டம்பர் 2

பாத்ரூம் போனது ஒரு குற்றமா? ஆசிரியர் கூட்டத்தில் பாதியில் எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் என்னைப் பாதுகாப்புக் குழுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கை வேறு தட்டினார்கள், பாவிகள்.

விஷயம் இதுதான். போன மாதம் எங்கள் பள்ளிக்குப் 'பாதுகாப்பான பள்ளி' என்று ஒரு கேடயம் கிடைத்தது. அதை வைக்க அலமாரி செய்தார்கள். கண்ணாடி, உள்ளே விளக்கு, யானை கனம். எந்தச் சுவரிலும் அடங்காததால் மாடி ஹாலில், அவசர வழிக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அதே ஹாலில்தான் காலைக் கூட்டம். தினமும் ஒரு மாணவர் மைக்கில் பேசுவார். திங்கள்தோறும் மாணவர் மன்றத் தலைவி. நேற்று அவள் பேசியது: "தீப்பிடிச்சா நாம யாரும் வெளிய போக முடியாது. ஆனா கவலைப்படாதீங்க, கேடயம் பத்திரமா இருக்கும்."

ஹாலே சிரித்தது. முதல் வகுப்புக் குழந்தை ஒன்று மட்டும் அழுது, இன்று காலை மாடி ஏற மாட்டேன் என்று படிக்கட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே இனி மாணவர் பேச்செல்லாம் முதலில் செயலாளரிடம் வர வேண்டும். அவர் படித்து, அடித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மைக்.

அந்த மன்றத் தலைவி என் மகள்.

செப்டம்பர் 4

தலைமை ஆசிரியைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சைரன். அவர் விதிகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தீ, புகை, விபத்து, விழுதல், ஓடுதல் — எதுவும் மைக்கில் வரக் கூடாது. "பீதியக் கிளப்பினா ஓடுவாங்க, ஓடினா விழுவாங்க. சின்னப் பசங்க சார்!" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் குழந்தை அழுததை நானும்தான் பார்த்தேன்.

"சரிங்க மேடம்" என்றேன். இத்தனை வருஷத்தில் வேறென்ன சொல்லியிருக்கிறேன்?

மதியம் வேதியியல் வகுப்பு. பாடம் எரிதல். விதி மாணவர்களுக்குத்தான், எனக்கில்லை. இருந்தாலும் சைரன் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாரே! "மெக்னீசியம் ஆக்ஸிஜனோட சேர்ந்தா... ஒரு மாதிரி ஆகும்" என்றேன்.

"எந்த மாதிரி சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வேறு யார், நான் பெற்றதுதான்.

செப்டம்பர் 5

பல் துலக்குவதன் பயன் பற்றி ஒரு பையனின் பேச்சு வந்தது. பல் விழும் என்ற வரியை அடித்தேன். ஈறு வீங்கி ரத்தம் வரும் — அதையும் அடித்தேன். மிச்சம்: "வணக்கம். பல் நல்லது. நன்றி."

செப்டம்பர் 7

நாளை மகளின் முறை. சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை நீட்டினாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

"என்னடி இது?"

"என் பேச்சு. படிச்சுப் பாருங்க. தப்பா ஏதாவது இருந்தா அடிங்க."

ஒரு வார்த்தையும் இல்லை. எதை அடிப்பது? வந்த நிம்மதியில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டேன். பொண்ணு வழிக்கு வந்துட்டா பாத்தியா என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிடுங்க" என்றாள்.

செப்டம்பர் 8

ஐயோ.

மைக் முன்னால் போய் நின்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாங்கள் பார்த்தோம். சைரனே பார்த்தார். யாரோ தும்மினார்கள். அப்புறம் இறங்கிப் போய்விட்டாள். அப்படி ஒரு கைதட்டலை அந்த ஹாலில் நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 9

"இதுக்கு அனுமதி குடுத்தது யாரு சார்?"

"நான்தான் மேடம்."

"எப்படிக் குடுத்தீங்க?"

"அதுல ஒண்ணுமே இல்லையே மேடம்..."

புது விதிகள்: மைக் முன் மூச்சு வாங்கும் நேரத்துக்கு மேல் மௌனம் கூடாது. மேசை நாற்காலி அலமாரிகளை உற்றுப் பார்க்கக் கூடாது. மகள் வெள்ளிக்கிழமைக்குள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் மன்றத் தலைவி பதவி போகும், ஒரு வாரம் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் செயலாளர். அதாவது நான்.

மாலை கெஞ்சினேன். "ஒரு மன்னிப்புத்தானே, கேட்டுத் தொலையேன்டி."

"எதுக்குப்பா? அலமாரி அங்க இல்லையா?"

இருக்கிறது. அதுதானே என் தலைவலி.

செப்டம்பர் 10

வீட்டில் மகளுக்கு என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் சைகை. அவ வாயாடினா தலைய வலிக்குது, வாய மூடினா சோறு எறங்க மாட்டேங்குது — என்ன பொழப்புடா இது?

மனைவி சொன்னாள்: "பெத்தது நான். கையெழுத்துப் போட்டு வெளிய அனுப்பறது நீங்களா? போடுங்க. போட்டுட்டு சாப்பாட்டுக்கு எங்க போறீங்கன்னு நானும் பாக்கறேன்."

செப்டம்பர் 12

மன்னிப்பு வரவில்லை. மாடி ஹாலில் குழு கூடியது. உத்தரவை என் முன்னால் வைத்தார்கள். பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

"பேனா எழுதலையா சார்?"

"மேடம், அந்தக் கதவு திறந்தா அவ சொன்னது பொய்யி. அப்பப் போடறேன்." என் குரல்தானா அது?

"அலமாரிய லேசாத் தள்ளினாப் போதும், நகரும்" என்று சைரன் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே தள்ளினார். நகரவில்லை. கணக்கு ஆசிரியர் தோள் கொடுத்தார். விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதித் தாளம் போட்டார். குழுவே சேர்ந்து முட்டியதில் அலமாரி ஒரு விரல் அகலம் நகர்ந்து, சைரனின் துப்பட்டாவைச் சுவரோடு கவ்விக்கொண்டது. ஒரு பக்கம் "தள்ளுங்க!", ஒரு பக்கம் "இழுங்க!". கண்ணாடிக்குள் கேடயம் குப்புறப் படுத்துவிட்டது. காவலாளியும் வந்து கைகொடுத்து அவரை மீட்பதற்குள் பள்ளி விடும் மணியே அடித்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து கசங்கிய துப்பட்டாவை நீவிவிட்டுக்கொண்டார். அப்புறம், "அந்தக் குழந்தை அழுதது சரிதான் போல" என்றார். சத்தமே இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உத்தரவை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 13

ஆள் வைத்து அலமாரியைப் பிரித்து, கீழே அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்தது. பேச்சுக்கு முன் அனுமதி வேண்டாம், சின்ன வகுப்புகளுக்கு ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் போதும் — இது சைரனே சொன்னது. எனக்கும் செயலாளர் பதவியிலிருந்து விடுதலை.

செப்டம்பர் 15

திங்கட்கிழமை. என்ன பேசப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"நம்ம வேதியியல் ஆய்வகத்துல தீ அணைக்க மணல் வாளிங்க இருக்கு. ஒண்ணுலயும் மணல் இல்ல. பொறுப்பு ஆசிரியர் குடிச்சுப் போட்ட டீ கப்புதான் இருக்கு."

பொறுப்பு ஆசிரியர் யாரென்று முதல் வகுப்புக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. சைரனின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அடிப்பாவி, பெத்த அப்பனையா! காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் எதை அடிப்பேன்? கை தட்டினேன்.

பள்ளி விட்டதும் கப்புகளைக் கொட்டிவிட்டு மைதானத்து ஓரத்தில் மணல் அள்ளினேன். அவளாகவே வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"கோவமாப்பா?"

"கோவந்தான்" என்றேன். "நேராப் பிடி, சிந்துது."