பன்னிரண்டு டப்பாக்கள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நாலு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல், சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வாராவாரம்தான் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் இல்லை. நீ கூப்பிட்டால் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார், அத்தை ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் என்று எல்லோரும் சேர்ந்து பேசுவதில் நான் சொல்ல நினைப்பது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, நாலு பேர் முன்னால் தலையை ஆட்டத்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். நீ லீவில் வந்தபோது ஒரு வாரக் குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்கிக் கழுவி நடுக்கூடத்தில் பரப்பிவைத்தாயே, அன்றைக்கு எல்லோருக்கும் முகம் சுண்டிப்போனது உண்மைதான். சாப்பாடு கட்டிய கவர் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. அப்பா நெஞ்சில் கைவைத்து இனி இந்த வீட்டுச் சாப்பாடு கவரில் போகாது என்றார், தம்பி கைதட்டினான், நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறிவிட்டாய். திங்கட்கிழமை காலையிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு நாலு எவர்சில்வர் டப்பா, தம்பிக்கு நாலு, தையற்கூடத்துக்குப் போகும் அத்தைக்கு நாலு, சோற்றுக்கு ஒன்று குழம்புக்கு ஒன்று காய்க்கு ஒன்று இடையில் கொறிக்க ஒன்று என்று மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதைக் கழற்றித் தேய்த்துக் காயவைக்காவிட்டால் மறுநாள் சோறு முழுக்க முந்தாநாள் குழம்பு வாசம் அடிக்கும். தம்பி வெள்ளிக்கிழமை டப்பாவைப் பையிலேயே வைத்திருந்து திங்கட்கிழமை காலையில் நீட்டுவான், திறந்தால் உள்ளே ஒரு தனி உலகமே வளர்ந்திருக்கும், கேட்டால் "மறந்துட்டேம்மா, சாரி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடிவிடுவான். குப்பைக்கூடையில் கவர் போடாமல் பழைய செய்தித்தாள் விரிக்கிறோம் இல்லையா, அது நனைந்து கிழிந்துவிடுவதால் கூடையைத் தினமும் கழுவ வேண்டும். காய்கறிப் பைகளைத் துவைக்க வேண்டும். மீன் வாங்கப் பாத்திரத்தோடு போக வேண்டும். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். இதற்கு மட்டும் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். வளையங்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு வெந்நீரில் ஊறவைத்து எடுத்தேனா, குழம்பு டப்பா வளையமும் சோற்று டப்பா வளையமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு மயிரிழைதான் வித்தியாசம். மாற்றி மாட்டிவிட்டேன் போல. அப்பாவின் பையில் குழம்பு இறங்கி, நில அளவை அலுவலகத்தில் அவர் மூன்று வாரமாக வரைந்துகொண்டிருந்த ஒரு வரைபடத்தின் ஓரத்தை நனைத்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு ஏரி புதுசா வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து வரைந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு அவர் பையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை, நான்தான் வளையத்தைச் சரியாக மாட்டப் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் நம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரம்மா, தம்பி மைக்கம்மா என்று பெயர் வைத்திருக்கிறானே அவர்தான், எப்படியோ கேள்விப்பட்டு வந்து நம் வாசல் கதவில் 'முன்மாதிரி வீடு' என்று ஒரு பச்சை அட்டையை ஒட்டிவிட்டுப் போனார். போன சனிக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நம் சமையலறையைக் காட்டினார். நான் சுவரோடு சுவராக நின்றேன். அப்பா ஒரு டப்பாவைக் கையில் தூக்கிப் பிடித்து வளையத்தைப் பற்றி விளக்கினார், கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை, என்னைப் பார்த்து "ஒரு நாளைக்கு இதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுக்கா?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று. மைக்கம்மா உடனே "மனசு இருந்தா நேரம் போறதே தெரியாதும்மா" என்று சொல்லிச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது அந்தப் பெண் என் கையைத் தொட்டு "என்னால முடியாதுக்கா, எங்க வீட்ல நான் ஒருத்திதான்" என்று மெதுவாகச் சொன்னாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, பச்சை அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது. மைக்கம்மா அதோடு விடவில்லை, வருகிற வாரத்திலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு பிளாக்காக வருவார்களாம், நான் செய்து காட்ட வேண்டுமாம். தலையை ஆட்டிவிட்டேன்.

இப்போது உன்னிடம் இத்தனை நாளாக மறைத்ததைச் சொல்கிறேன். அப்பாவின் அலுவலகம் இருக்கும் தெருவிலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அங்கே காலை வேளைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள், விலங்கியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தை நான் மூன்று நாள் போய்ப் போய்ப் படித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை, இருபத்திரண்டு வருடம். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கே பொறுப்பில் இருந்த அம்மா கேட்டார், வீட்டில் இருந்தேன் என்றேன், வேறு என்ன சொல்வது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு தட்டு நிறைய ரத்தம் எடுத்த சின்னக் குழாய்களைக் கொடுத்து பெயரும் நேரமும் பார்த்துச் சீட்டு ஒட்டச் சொன்னார். நாற்பது குழாய், ஒன்றும் மாறவில்லை. "உங்களுக்கு வரிசை தப்பாது" என்றார், வேலை எனக்குத்தான், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அங்கே எல்லாமே பிளாஸ்டிக்தான் சிட்டு, கையுறை, ஊசி, குழாய், எல்லாம் ஒரு தடவையோடு சரி, கழுவி இன்னொரு முறை எடுத்தால்தான் தப்பு. முதலில் எனக்குத் திக்கென்றது. பிறகு, எங்கே வேறு வழியில்லையோ அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும், சோற்றுக்கும் காய்க்கும் வேறு வழி இருக்கிறதே என்று தோன்றியது.

அன்றைக்கு வெளியே வந்ததும் மனசு கொள்ளவில்லை. அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார், அது என் பையில்தான் இருந்தது, அதைக் கொடுக்கிற சாக்கில் அவர் அலுவலகத்துக்குப் போனேன். சாப்பாட்டு அறையில் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நாலு டப்பா, நாலும் தனித்தனியாகக் கவரில் முடிச்சுப் போட்டு. முடிச்சை அவிழ்க்கக்கூட இல்லை, கிழித்து மேஜைக்கு அடியிலிருந்த கூடையில் போட்டார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "மேப்பு மேல இன்னொரு சொட்டு பட்டா என்னால தலை காட்ட முடியாதும்மா, அதான் ஒரு சேஃப்டிக்கு. கீழ பழக்கடையில சும்மாதான் குடுக்கறான். சிட்டுகிட்ட சொல்லிடாத" என்றார். முன்பு சோற்றுக்கு ஒன்று குழம்புக்கு ஒன்று என்று இரண்டு கவர், இப்போது நாலு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் பையிலும் ஒரு சான்றிதழ் இருந்தது, நான் எப்படி அந்தத் தெருவுக்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதே வாரம் அத்தையின் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகக் கிடைத்தது. கேட்டால் "முப்பது வருஷமா இதுலதான் குளிக்கிறேன், என் தலைமுடிக்கும் கடலுக்கும் என்ன சண்டை? நீ பார்க்காத மாதிரி பெருக்கிட்டுப் போயேன்" என்கிறார். தம்பி பாதி நாள் கொறிக்கிற டப்பாவைத் திறப்பதே இல்லை, பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் வாங்கித் தின்கிறான். ஆக நம் வீட்டில் பிளாஸ்டிக் இல்லை என்பது என் கண் எட்டும் தூரம் வரைதான். அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் முன்பு போலவே இருக்கிறது, கொஞ்சம் கூடவே இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது, யாரையோ பற்றிச் சொல்வது போல, பரிசோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்களாம், காலை ஏழு மணிக்கே போக வேண்டுமாம், நான் போனால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். தம்பி "நீயாம்மா? நீ அங்க போய் யார்கிட்டம்மா பேசுவே?" என்றான், வேண்டுமென்று சொல்லவில்லை, ஆச்சரியத்தில் சொன்னான். அப்பா "எதுக்கும்மா இந்த வயசுல அலைச்சல்" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அத்தைதான் நேராகச் சொன்னார், "அப்போ இந்த டப்பா கச்சேரியை யார் நடத்துறது? பழையபடி கவர்தான். சிட்டு கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ." அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒன்று நான் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பது கவரும் திரும்ப வரும், அந்தப் பழி என் தலையில் விழும். மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக அந்த மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குமே உடனே தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

போன ஞாயிறு நீ பேசினாய். நம் வீட்டைப் பற்றி உன் சிநேகிதிகளிடமெல்லாம் சொன்னதாகச் சொன்னாய், "அம்மா வீட்ல இருக்கறதாலதான் இதெல்லாம் நடக்குது, அம்மா கிரேட்" என்றாய். அப்பா "கேட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ ஆசையாகச் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்த வளையங்களையே மறுபடி தேய்த்தேன். கதவை மற்றவர்கள் சாத்தினால் தட்டிப் பார்க்கலாம். நீயும் அந்தப் பக்கம் நின்று பாசத்தோடு சாத்தினால் நான் எப்படித் தட்டுவது. இதைப் படித்ததும் உனக்குக் கண் கலங்கும், கலங்காதே. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்.

பரிசோதனைக் கூடத்தில் பதில் சொல்ல இன்று மதியம்வரை நேரம் கொடுத்திருந்தார்கள். காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு மொட்டைமாடிக்குப் போய்ப் போன் செய்தேன். வருகிறேன் என்று சொன்னது காற்று மாதிரி வந்தது, அந்த அம்மா "சத்தமா சொல்லுங்க" என்றார், மறுபடி சொன்னேன். திங்கட்கிழமை முதல் நாள். வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது. கீழே இறங்கி வந்து பன்னிரண்டு டப்பாவையும் பார்த்தேன், அதில் என்னுடையது என்று ஒன்றுகூட இல்லை, இத்தனை வருடமும் நான் மிச்சம் இருந்ததை நின்றுகொண்டே சாப்பிட்டவள்தானே. கடைக்குப் போய் எனக்கென்று ஒரு டப்பா வாங்கினேன். கடைக்காரர் கவரில் போட்டு நீட்டினார், வேண்டாங்க கையிலேயே கொடுங்க என்று சொல்லி வாங்கிவந்தேன். இப்போது அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அப்பா கவரை ஒளிக்கிறார், அத்தை பாக்கெட்டை ஒளிக்கிறார், நான் ஒரு எவர்சில்வர் டப்பாவை ஒளிக்கிறேன், நம் குடும்பத்தை என்னவென்று சொல்வது.

டப்பாக்களை நான் விடச் சொல்லவில்லை. அவரவர் டப்பாவை அவரவர் கழுவினால் ஆளுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது, நான் கணக்குப் பார்த்துவிட்டேன். கழுவாமல் கவருக்கே போனால் அது அவர்கள் கவர், என் கவர் இல்லை. இப்படி எழுதும்போது தைரியமாகத்தான் இருக்கிறது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் இரண்டு நிமிடம்கூட இது நிற்பதில்லை. பத்து மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று மைக்கம்மாவிடம் வேறு சொல்ல வேண்டும்.

நீ நல்ல உடம்போடு, நினைத்த காரியம் கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நாளைக்கு இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது டப்பாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் காதில் விழும்படி, "அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பணும்?" என்று கேள். நீ அதைக் கேட்டால் போதும். மீதியை நான் சொல்லிவிடுவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா