மூன்று லட்சத்து அறுபதாயிரம் எழுத்துக்குச் சந்தனப் பொட்டு

திருவண்ணாமலை
9.10.88, ஞாயிறு

அன்பு மகள் ரேணுகாம்பாளுக்கு அம்மா பாஞ்சாலை எழுதுவது. நேற்று நான் கொடுத்த தந்தி இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும், தந்தி என்றதும் உனக்கு மூச்சே நின்றிருக்கும். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, என் உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, மனசு ஒன்றுதான் சரியில்லை. நீ அங்கே பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, நனையாமல், காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு எழுத ஆரம்பிக்கிறேன். 'பிளாப்பியை எறியாதே, கடிதம் வருகிறது' என்பதுதான் தந்தி. கவுண்டரில் இருந்தவர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டே, பிளாப்பின்னா நாய்க்குட்டி பேராம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது.

ஊர் சேதி என்றால் மழை பரவாயில்லை, மலை பச்சையாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சந்திரம்மாள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், உன்னைக் கட்டாயம் வரச்சொன்னாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் எனக்குப் புது மேஜை கொடுத்திருக்கிறார்கள், ஒரு கால் குட்டை, அட்டை மடித்து வைத்துத்தான் பத்திரம் நகல் எடுக்கிறேன். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் நீட்டி எழுதிக்கொண்டே போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தாள் தீர்ந்துவிடும், அதைத்தான் என் கை பார்க்கிறது. ரேணு, உன் பிளாப்பியைக் கெடுத்தது ரேடியோக் கடை ஜானி மாமா இல்லை. நான்.

போன வருஷம் நீ வந்தபோது கம்ப்யூட்டரில் போடுகிற அந்தக் கறுப்புச் சதுர பிளாப்பியை என்னிடம் கொடுத்து, அம்மா, பம்பாய்ல ஒண்ணு இருக்குது, இது இன்னொரு காப்பி, அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா இது வேணும், டிரங்குப் பெட்டியில வெச்சிடு, கை படாம பாத்துக்கோ என்று சொன்னாய். இதுல என்னடி இருக்குது, ஒரு அப்பளம் அளவுகூட இல்ல என்று கேட்டேன். இதுல மூணு லட்சத்து அறுபதாயிரம் எழுத்து இருக்குதும்மா, உன் ஆபீஸ் வால்யூம் ஒண்ணு முழுசா இதுல அடங்கிடும் என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கப்பா போனபிறகு அவர் வேலையில் என்னை உட்காரவைத்தார்கள், பதினோரு வருஷமாகப் பத்திரம் பார்த்து எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு எழுத்து, முந்நூறு பக்கம் சேர்ந்தால் ஒரு வால்யூம், அதை நான் எழுதி முடிக்கத் தலை நிமிராமல் ஒரு மாதம் ஆகும், அதை எடுத்து வைக்க இரண்டு கை வேண்டும். அது இந்த அப்பளத்துக்குள் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள். ஆனால் நீ சொன்னால் நான் நம்புவேன். நம்பினதில்தான் வினை வந்தது.

நீ போன கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷினைத் துடைத்தேன், அரிவாள்மனையைக் கழுவினேன், என் பேனா, மைக்கூடு, உன் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கினேன். அப்போதுதான் தோன்றியது, இந்த வீட்டிலேயே ஜாஸ்தி எழுத்து இருப்பது பெட்டிக்குள் கிடக்கிறதே, சரஸ்வதிக்கு முன்னால் அதை வைக்காமல் இந்தக் கிழிந்த பூகோளப் புத்தகத்தை வைத்து என்ன பூஜை என்று. எடுத்தேன். காகித உறையோடு வைத்தால் மரியாதை இல்லை என்று உறையைக் கழற்றினேன். நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, நடு ஓட்டையைச் சுற்றியும் வைத்து, கீழே நீளமாக ஒரு திறப்பு இருக்கிறதே, அதன் வழியே பழுப்பாக மினுமினு என்று ஏதோ தெரிகிறதே, எழுத்தெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து அங்கே பெரிதாக ஒரு சந்தனப் பொட்டும் மேலே குங்குமமும் வைத்தேன். கற்பூரம் காட்டி, என் பெண்ணுக்கு வேலை நிலைக்கணும் தாயே என்று கும்பிட்டேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது பொட்டில் பாதி உள்ளே போய்விட்டிருந்தது. ஊக்கை விட்டு நோண்டினேன். வந்த வரைக்கும் வந்தது. உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன், உனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்போது அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை, பூஜைதானே செய்தோம் என்று இருந்தேன்.

இந்த ஆடியில் உன் கடிதம் வந்தது. மழைத்தண்ணீர் ஆபீஸுக்குள் புகுந்து சர்வே நோட்டுகளும் போயின, அங்கே இருந்த பிளாப்பியும் போயிற்று, வீட்டில் இருப்பதுதான் மிச்சம், ஜானி மாமா ரேடியோ சாமான் வாங்கப் பம்பாய் வரும்போது கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தாய். எடுத்துப் பார்த்தேன். திறப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். முந்தானையால் இன்னொருமுறை துடைத்து, பழைய பட்டுத் துணியில் சுற்றி, பத்திரமா கொண்டுபோய்க் குடுங்க பாய், ரெண்டு வருஷ உழைப்பு என்று அவர் கையில் கொடுத்தேன். பூஜை தெரியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது.

அதற்குப்பிறகு உன் கடிதம். கம்ப்யூட்டர் அதைப் படிக்கவே இல்லை, மாமா ஸ்பீக்கர் மூட்டையோடு வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், காந்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, ஆபீஸில் எல்லார் முன்னாலும் அவரை நறுக்கென்று கேட்டுவிட்டேன், இனிமேல் அவரிடம் எதையும் கொடுக்காதே என்று எழுதியிருந்தாய். ஊருக்கு வந்ததும் அவர் கடைக்குக்கூடப் போகாமல் பெண்சாதி அஜ்மத் பேகத்தையும் கூட்டிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். அக்கா, பொண்ணு பாடுபட்டத நான் பாழாக்கிட்டேன், காந்தத்தோடவே பொழைக்கறவன், எனக்குத் தெரிய வேணாமா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பேகம் பக்கத்தில் நின்று, ரயில்ல ரெண்டு நாளும் அத மடியிலதான் வெச்சிருந்தாராம்க்கா, ஸ்பீக்கர் மூட்டை சீட்டுக்கு அடியிலதான் இருந்துதாம் என்றாள். அவர் அவளை அதட்டினார், காந்தத்துக்கு அடியில மேலன்னு உண்டா என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா. போனா போவுது பாய், வேணும்னேவா செஞ்சீங்க என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். செய்யாத தப்புக்கு அவரை நான் மன்னித்தேன். அந்தக் காப்பியை அவர் குடித்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் பாதிப்பேர் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் மருந்தும் அவரிடம்தான் கொடுத்தனுப்புவார்கள், இப்போது யார் கேட்டாலும், என் கையில குடுக்காதீங்க, எனக்கு ராசி இல்ல என்கிறாராம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முறத்தில் ஓர் ஆழாக்கு அரிசியைக் கொட்டி எண்ணினேன். பைத்தியம் என்று நினைக்காதே, எதைக் கெடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏழாயிரத்து இருநூறு வந்தது. ஒரு அரிசி ஒரு எழுத்து என்றால் உன்னுடையது ஐம்பது ஆழாக்கு, ஆறேகால் படி. எனக்கு ஒரு மாதச் சோறு. என் எழுத்துக் கணக்கும் ஒரு மாதம், அரிசிக் கணக்கும் ஒரு மாதம், அவ்வளவுதானே, திரும்ப எழுதிக்கொள்வாள் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். போன வியாழக்கிழமை ஜானி மாமா மறுபடியும் நம் வீட்டுக்கு வந்தார். அக்கா, பாப்பா அந்த மில் தொழிலாளிங்க வீட்டுக்கெல்லாம் மறுபடி போகணும்னா நானும் ரெண்டு மாசம் கடைய மூடிட்டு வந்து கூட நடக்கறேன், எனக்கு இந்தி வரும், ஆயிரத்து இருநூறு வீடாமே, ஒத்தப் பொண்ணு எத்தன மாடி ஏறும் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வீட்டுக்கு முந்நூறு எழுத்து. எத்தனை பேர், யாருக்கு வேலை போயிற்று, எந்தக் குழந்தை படிப்பை விட்டது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று நீ கேட்டு வாங்கின எழுத்து. நான் அரிசியை எண்ணினேன், வாசலை எண்ணவில்லை.

எழுந்து போகும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். கேசட்டு அழுக்காயிருந்தா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிடுவேன்க்கா, பாட்டு வந்துடும், காந்தம் பட்டாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது, இது காந்தமாப் போச்சே என்றார். ரேணு, காந்தம் என்று நினைத்துத்தானே நீ அதைக் கைவிட்டாய். சந்தனம் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் யாராவது கழுவிப் பார்த்திருப்பார்களே. அப்போதே ஓடித் தந்தி கொடுத்திருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நம் தெருமுனையில் ஆரம்பித்து வாசல் வாசலாக எண்ணிக்கொண்டே நடந்தேன். நம் தெருவில் நாற்பத்தாறு. தேரடி வரைக்கும் போய்ச் சுற்றி வந்தும் முந்நூற்றுப் பன்னிரண்டுதான், அதற்குள் முழங்கால் நின்றுவிட்டது. ஒரு வீட்டிலும் நான் படி ஏறவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் தந்தி கொடுத்தேன்.

நீ அதை எறிந்துவிட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டு, சந்தனமும் குங்குமமும் ஈரமும் ஊக்குக் கீறலும் என்று உள்ளபடி சொல், வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது. வேலை போனால் என்னால் போனது என்று வை. என்மேல் கோபமாக இரு, கடிதம் போடாமல்கூட இரு, ஆனால் ஜானி மாமாவுக்கு நீ ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். ராத்திரி பட்டினி படுக்காதே. குடையை ஆபீஸில் மறந்து வைக்காதே. ஆயுத பூஜைக்கு இந்த வருஷம் என் பேனாவை மட்டும் வைக்கிறேன், வேறு எதையும் தொடமாட்டேன்.

என் கண்ணே, நீ எந்த வாசலில் நின்றாலும் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறவர்கள் இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
சி. பாஞ்சாலை

ஒன்று எழுத விட்டுவிட்டேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை. நாளைக் காலை ஆபீஸ் போகிற வழியில் இதை ஜானி மாமா கடையில் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவேன், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஒட்டினால் சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டுவேன் என்று உனக்குத் தெரியும். இது உன் கைக்கு வந்தால் உறையைத் திருப்பிப் பார், பருக்கை இருக்காது. ஒட்டியது அவர்.