தும்தும் எங்கே போயிருந்தது

என் மாமாவுக்கு,

பேச்சை இரண்டு தரம் சொன்னால்தான் காதில் ஏறும், தவிலை மட்டும் அடுத்த ஊர்க் கோயிலில் தட்டினாலும் தோள் தானாக ஆடிவிடும், அப்படிப்பட்ட என் மாமாவுக்கு உங்கள் பாவாயி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மிளகுக் கொடி இந்த வருசம் பந்தயம் போட்ட மாதிரி மரமெல்லாம் ஏறிக் கிடக்கிறது.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. நம் பாட்டுச் செட்டில் தும்தும் திரும்பி வந்துவிட்டது. நம் பையன் செல்வம் அதை பேஸ் என்கிறான். நீங்கள் வைத்த பேர் தும்தும்தான், நானும் அப்படியே சொல்கிறேன்.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்தான் கேட்கும். அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் செம்மேட்டிலிருந்து குண்டூர் நாடு வரைக்கும் இருக்கிறார்கள். அதனால்தான் மூன்றாவது வரைக்கும் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

அந்த நாள் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. நீங்கள் போவதற்கு முந்தின ஆயுத பூசை. செல்வத்தின் சரக்கு வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தோம். அரிவாள், மண்வெட்டி, மிளகு தூற்றும் முறம், எல்லாம் வரிசையாக. வீட்டுக்குள் செட்டையும் கழற்றித் துடைத்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் பாயில் வைத்திருந்தோம். குண்டூர் நாட்டுச் சம்பந்தி வெள்ளைச் சட்டையில் வந்து, சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பொட்டு வைக்கிற மரியாதை பெண் கொடுத்தவருக்கு என்று நம் வீட்டு வழக்கம் இருக்கிறதே, அதை அவர் ஒரு வருசமும் விட்டதில்லை. பாயசத்தில் ஏலக்காய் போதாது என்று அன்றைக்குச் சொன்னதும் அவர்தான். அதையும் நான் மறக்கவில்லை.

பூசை முடிந்து செட்டைத் திரும்ப மாட்டினார்கள். பாட்டு ஓடியது. நீங்கள் எப்போதும் போலப் போய், வலப்பக்கப் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தீர்கள். மிளகு நன்றாக விளைந்த வருசம் சேலத்தில் அந்தச் செட்டை வாங்கி வந்த நாளிலிருந்து அதுதான் உங்கள் இடம். காதுக்குப் பத்தாததை முதுகு கேட்டுக்கொள்ளும் என்பீர்கள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து, "தும்தும் கொறஞ்சு போச்சு புள்ள" என்றீர்கள்.

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், செட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க. உங்க காதுக்கு மிசினு வாங்கி மாட்டோணும்!"

வீடு நிறையச் சனம். எல்லோரும் சிரித்தார்கள். பொரியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் சாயவே இல்லை. பாட்டு ஓடும்போது வாசலில் போய் வண்டிச் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் செட்டைத் திட்டினால், "என் காதுதான் போச்சு புள்ள, அத ஏன் வைய்யற" என்பீர்கள். சித்திரையில் அதே நினைப்போடு போய்விட்டீர்கள்.

வருசம் திரும்பும் வரைக்கும் செட்டை யாரும் தொடவில்லை. துக்கம் கழிந்து செல்வம் பாட்டுப் போட்டான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், என்ன தோன்றியதோ, கத்தியை வைத்துவிட்டுப் போய் உங்கள் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை, மாமா. பாடுகிறவர் குரல் கணீரென்று கேட்கிறது, சலங்கை கேட்கிறது, முதுகில் மட்டும் ஒரு தட்டல் இல்லை. சும்மா சுவரில் சாய்ந்த மாதிரி இருந்தது.

என் காதில் ஒரு குறையும் இல்லை. மருமகள் அடுப்படியில் முணுமுணுப்பதுகூட எனக்குக் கேட்கும், அது அவளுக்கும் தெரியும். எனக்கே வரவில்லை என்றால், உங்கள் காதுதான் போயிற்று என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு நீங்கள் சொன்னது நிசமா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

செல்வத்தைப் பிடித்தேன். அவன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சேலம் போனவன், பாம்புக் குட்டி மாதிரி சுருட்டிய ஒயரோடு வந்தான். விரல் தடிமன், உள்ளே செம்புக் கம்பி பளபளக்கிறது.

"கடக்காரரு சொன்னாருங்கம்மா. ஒயரு மெல்லிசா இருந்தா பேஸு வர்ற வழியிலயே செத்துருமாம்."

"வழியில மயக்கம் போடறதுக்கு அது என்னடா, கொண்டை ஊசி வளைவுல பஸ் ஏறியா வருது? இந்தாண்ட இருந்து அந்தாண்ட, ரெண்டு எட்டு."

"நீங்க கேட்டுட்டுப் பேசுங்க."

பழைய ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தத் திருகில் இருந்ததோ அதே திருகில் புதியதை மாட்டினான். அவன் உங்கள் பிள்ளை அல்லவா, வேலை சுத்தம். பாட்டைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். "இப்ப நல்லாருக்குதில்லீங்கம்மா?"

வாங்கினவன் காதுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். என் முதுகுக்கு அப்படியேதான் இருந்தது. ஒயர் என்பது வாய்க்கால்தானே, மாமா? தூர்ந்து கிடக்கிற வாய்க்காலை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடும், சரி. தெளிவாக ஓடுகிற வாய்க்காலை அகலமாக வெட்டினால் ஊற்றில் இல்லாத தண்ணீர் எங்கிருந்து வரும்? நம் பழைய ஒயர் ஒன்றும் நூலிழை இல்லை. கொஞ்ச தூரத்துக்கு அதுவே போதும். இதை அவனிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் சாப்பிடும்போது என்னிடம் பேசவில்லை.

பிறகு அவனே பெட்டிகளைச் சுவர் மூலைக்கு நகர்த்திப் பார்த்தான். கொஞ்சம் தேறியது. குடத்துக்குள் பேசினால் குரல் பெருக்கிறதே, அந்த மாதிரி. ஆனாலும் உங்கள் தும்தும் அது இல்லை.

இந்த வருச ஆயுத பூசைக்கு முந்தின நாள், கோமதி செட்டைத் துடைக்க உட்கார்ந்தாள். உங்கள் மருமகள் எதைத் துடைத்தாலும் புதுசு மாதிரி ஆகிவிடும். பெட்டியின் பின்பக்கத்துத் திருகுகளில் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு காய்ந்து கல்லாக அப்பிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் தொட்டு, பழைய பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தாள். தேய்த்தவள் நின்றுவிட்டாள்.

"அத்தே, இங்க வாங்க. இந்தத் திருகு செவப்பு இல்லீங்க, கருப்பு!"

"அதுக்கென்ன கண்ணு?"

"ஒவ்வொரு பெட்டிலயும் செவப்பு ஒண்ணு, கருப்பு ஒண்ணு இருக்கோணுமுங்க. ஒயர்ல செவப்பு செவப்புக்குப் போவோணும், கருப்பு கருப்புக்குப் போவோணும். குங்குமம் அப்பி எல்லாமே செவப்பா ஆகிப்போச்சு. வலப்பக்கப் பெட்டில மாத்தி மாட்டியிருக்குதுங்க."

செல்வம் ஓடி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பழையது எப்படி இருந்ததோ அப்படியே மாட்டியவன் அல்லவா? பழைய தப்பையும் அப்படியே மாட்டியிருக்கிறான். மாறிக் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கிச் சொன்னான். ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளுகிற நேரத்தில் மற்றது பின்னால் இழுக்குமாம். குரலுக்கும் சலங்கைக்கும் அது பெரிதாகத் தெரியாதாம். பெரிய தும்தும் மட்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சேற்றில் மாட்டின வண்டியை ஒருவர் முன்னாலிருந்தும் ஒருவர் பின்னாலிருந்தும் தள்ளினால் அது எங்கே போகும்? நானும் சம்பந்தியும் ஒரு காரியத்தைச் சேர்ந்து நடத்துகிற மாதிரிதான்.

கருப்புத் திருகில் குங்குமம் வைத்தது யார்? அந்த ஆயுத பூசை எனக்குக் கண் முன்னால் வந்தது. வெள்ளைச் சட்டை, சந்தனக் கிண்ணம், "பூசை நாள்ல கருப்பு தெரியலாமா தங்கச்சி?" என்று ஒவ்வொரு திருகாகத் தேடித் தேடி அப்பிய விரல். நான் வாயைத் திறப்பதற்குள் கோமதியே தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பாதானுங்க அத்தே" என்றாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு நாலு பேரு முன்னால அவரக் கேட்டுராதீங்க" என்றாள்.

"பாக்கலாம் சாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஒயரை மாற்றி மாட்டிப் பாட்டைப் போட்டார்கள். மாமா, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அடைகாத்த கோழி எழுந்து வாசலுக்கு ஓடியது. நான் போய்ச் சாய்ந்தேன். முதுகில் யாரோ உள்ளங்கையால் தட்டித் தட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது. இதைத்தான் இத்தனை வருசம் ஒருத்தராகவே கேட்டுக்கொண்டு இருந்தீர்களா? என்னையும் ஒரு நாள் கூப்பிட்டிருக்கக் கூடாதா? நிமிர்ந்து பார்த்தால் சுவரில் உங்கள் படம் ஆணியில் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. சிரித்தேன், மாமா. நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

வீடு நிறையச் சனம், அத்தனை பேர் காதும் நல்ல காது. தும்தும் குறைந்ததைக் கண்டுபிடித்தது நீங்கள் ஒருத்தர்தான்.

மறுநாள் சம்பந்தி வந்தார், அதே வெள்ளைச் சட்டை. அன்றைக்குச் சிரித்தவர்களும் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். கோமதி என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. நான் சம்பந்தியைக் கூப்பிட்டு, "அண்ணா, என் மாமா உக்காந்த எடத்துல கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க" என்றேன்.

"எதுக்குங் தங்கச்சி?"

"உக்காருங்க சொல்றேன்."

உட்கார்ந்தார். கோமதியை விட்டு ஒயரைப் பழையபடி தப்பாகவே மாட்டச் சொன்னேன். உருமி போட்டோம்.

"எப்படிங்க இருக்குது?"

"சத்தம் வருது. சப்புனு இருக்குது."

செட்டை நிறுத்தி, ஒயரைச் சரியாக மாட்டி, அதே உருமியைத் திரும்பப் போட்டோம். சம்பந்தி துள்ளிவிட்டார். "ஏனுங், முதுகுல வந்து தட்டுதுங்!"

"இது கொறஞ்சு போச்சுன்னுதானுங்க அன்னிக்கு என் மாமா சொன்னாரு."

சம்பந்தி அப்படியே திரும்பினார். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு திருகின் இடுக்கில் கோமதி துடைத்தும் போகாத குங்குமம் கொஞ்சம் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் விரலையே பார்த்தார்.

"கருப்ப மறச்சது நானுங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க அண்ணா" என்றேன். சத்தியமாகச் சொல்லவில்லை.

முதலில் சிரித்தது கோமதிதான். அவள் சிரித்ததும் வீடே சிரித்தது. சம்பந்தி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றார். உங்களிடம் எப்போதும் பேசுகிற மாதிரியே ஊருக்குக் கேட்கக் கத்தினார்: "மச்சான்! உங்க காது நல்ல காதுங்க மச்சான்!"

"எதுக்குங்க அண்ணா இப்படிக் கத்தறீங்க?" என்றேன். "அவருக்குத்தான் காது கேக்குமே."

திருகுப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன், மாமா. பாயசத்து ஏலக்காய் இன்னும் பாக்கி இருக்கிறது.

நான் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுக்கிறேன். வழக்கம் வழக்கம்தான். ஆனால் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு, அதோடு சரி. பின்பக்கம் போகாமல் நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் உங்கள் இடத்தில் போய்ச் சாய்ந்துகொள்கிறேன். உங்கள் முதுகுக்கு வரவேண்டியதை நான் வாங்கி வைக்கிறேன். வரும்போது ஒன்று விடாமல் கொண்டு வந்து தருகிறேன்.

தும்தும் கேட்கிற முதுகோடு,
உங்கள் அத்தை மகள்
பாவாயி