ஊதா விளக்கும் கம்பளக் கறையும்

ஐப்பசி 12, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். பங்களா ஹாலில் மூத்திர நாற்றம். பெரிய கம்பளம், வெயில் இல்லாமல் எதைக் காயவைக்க? துரைசாணி மூக்கில் கைக்குட்டையோடு நின்றாள்.

பட்லர் சாமிக்கண்ணு (இனி ப. என்றே எழுதுகிறேன், அந்தப் பெயரை முழுதாக எழுதக் கை கூசுகிறது) என் முன்னாலேயே சொன்னான். ஆயாவின் பிள்ளைதான் கம்பளத்தில் போகிறதாம். கண்ணால் பார்த்தானாம். என் வள்ளிக்கு நாலு வயது. சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை.

போகிறது துரையின் நாய் ஜிம்மி. நாயைக் காலையும் மாலையும் வெளியே கூட்டிப் போகிற வேலை ப.வுடையது. மழை பிடித்ததும் அடுப்பை விட்டு நகருவதில்லை.

தீர்ப்பு: வள்ளி பங்களாவுக்குள் வரக்கூடாது. சனிக்கிழமையோடு எனக்கும் வேலை இல்லை. குடியிருக்கும் அறையும் காலி. அறைக்கு வந்துவிட்டேன் நான். அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

சோப்பு தீர்ந்தது. வள்ளிக்கு இருமல்.

13, செவ்வாய்

மூட்டம். பத்தடியில் ஆள் தெரியவில்லை. மாரமங்கலத்தில் இருக்கும் அக்காவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன், பிள்ளையோடு வருகிறேன் என்று. அங்கே ஏற்கெனவே ஏழு பேர்.

துரைக்கு விருந்தாளி. மலையில் கல் ஆராய வந்தவர், மெட்ராஸ்காரர், தமிழ் பேசுகிறார். மரப்பெட்டியில் ஒரு விளக்கு. பகலிலேயே சாமான் அறையைச் சாத்தி, ஒரு கல்லின் மேல் அந்த வெளிச்சத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கல் நீலமாக எரிந்தது. அல்ட்ரா வயலட் என்றார், ஊதாவுக்கும் அந்தப் பக்கத்து ஒளியாம்.

போன முகாமில் ஒரு நாய் அவர் கூடாரத் துணியை நனைத்ததாம். காய்ந்து போன கறைகூட இதில் மினுங்கியதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏனுங்க ஐயா, கம்பளத்துல இருந்தாலும் தெரியுமுங்களா?”

“தெரியும்மா. ஏன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். துரைசாணியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். ராத்திரிச் சோறு இறங்கியது.

14, புதன்

மழை விட்டுவிட்டு. துரைசாணி சம்மதித்தாள். வேடிக்கை பார்க்கிற ஆசை.

கல் ஆராய வந்த ஐயா சொல்லி நான் செய்தவை: ஜன்னல்களில் கறுப்புப் போர்வை. வள்ளியும் நாயும் பின்கட்டில், கதவு சாத்தி. எல்லாருக்கும் முழுக்கை. சாக்கட்டி ஒன்று.

“விளக்கை நேரா பாக்கவே கூடாது. பக்கத்துல குனியவும் கூடாது. அப்பத்துக்கு ஒண்ணும் தெரியாது, சாயங்காலம் கண்ணுல மணல் கொட்டின மாதிரி ஆயிடும். பட்லர் வந்தா அவருகிட்டயும் சொல்லிடு” என்றார் என்னிடம்.

கறுப்புக் கண்ணாடி மூன்றுதான். ஐயா, துரை, துரைசாணி. நான் விளக்குக்குப் பின்னால் நின்று தரையை மட்டும் பார்த்தேன்.

ப. காப்பித் தட்டோடு தாமதமாக வந்தான். ஒயரைப் பிடிக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில்தான் நின்றான். நான் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. சொல்லவில்லை.

கம்பளத்தில் மங்கலான மஞ்சள் திட்டுகள், பதினொன்று. ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்கட்டிக் கோடு. துரையின் நாற்காலியடியில் பளீரென்று ஒரு நீலத் திட்டு. துரைசாணி அதையும் காட்டினாள். மினுங்குவதெல்லாம் மூத்திரமில்லை, மோந்து பார்த்துத்தான் முடிவு என்றார் ஐயா. துரையே மண்டியிட்டு மோந்தார். அவர் சாயங்காலம் குடிக்கிற டானிக் தண்ணியாம். அதில் இருக்கும் காய்ச்சல் மருந்து, கொயினா, அப்படித்தான் ஒளிருமாம்.

பிறகு சோபாக் கால். தரையிலிருந்து முக்கால் முழ உயரத்தில் தெறிப்பு, கீழே வரை வழிந்த கோடு. திரையின் ஓரத்திலும் அதேபோல். காலைத் தூக்குகிற ஜந்துதான் அப்படிப் போகும் என்று துரைக்கே விளங்கிவிட்டது. நாயைக் கடைசியாக எப்போது வெளியே கூட்டிப் போனாய் என்று ப.விடம் கேட்டார்.

ப. அதற்குள் இரண்டு தடவை குனிந்து விளக்கின் மூடிக்குள் எட்டிப் பார்த்திருந்தான். முகமெல்லாம் ஊதா. பார்த்துக்கொண்டே நின்றேன்.

15, வியாழன்

வானம் வெளுப்பு. ப.வுக்கு நேற்று அந்தி விளக்கு வைக்கிற நேரத்தில் கண் எரிச்சல் ஆரம்பித்ததாம். கண் திறக்க முடியவில்லை. தண்ணீராக வடிகிறது. எஸ்டேட் கம்பவுண்டர் ஈரத் துணி கட்டி, நாளை மறுநாள் சரியாகும், பார்வை போகாது என்றார். போகாது என்றதும் எனக்குள் சின்ன ஏமாற்றம். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஐயா முகம் கறுத்து என்னைக் கேட்டார், சொன்னாயா என்று.

“சொன்னனுங்க ஐயா.”

“அவ சொல்லவேயில்லைங்க” என்றான் ப., கட்டுப் போட்ட கண்ணோடு.

துரை என்னைத்தான் நம்பினார். பிள்ளை மேல் பொய் சொன்னவன் இதிலும் பொய்தானே சொல்வான் என்று. எனக்கு வேலை உண்டு, அறை உண்டு, வள்ளி சமையலறை வரை வரலாம். சனிக்கிழமை போகப் போவது ப. துரைசாணி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

16, வெள்ளி

கோடு போட்ட இடங்களுக்கு வினிகரும் தண்ணீரும், அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. முதுகு விட்டுப்போச்சு. நாற்றம் பாதி குறைவு.

மத்தியானம் ப. கூப்பிட்டனுப்பினான். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் அத்திப்பழம்.

“ஏன் ஆயா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டனே.”

“எம்புள்ளைய நீங்க பாத்தீங்களா?”

ஈரத் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, “பாக்கலைங்க” என்றான். அந்த ‘ங்க’ எனக்குப் புதிது.

அக்காவுக்கு மறுபடி ஆள் சொல்லி அனுப்பினேன், நாங்கள் வரவில்லை என்று.

17, சனி

வெயில். கம்பளம் வெளியே.

பஸ்ஸுக்குப் புறப்படும் முன் ப. துரைசாணி எதிரில் போய் நின்றான். கண் சிவப்பு, ஆனால் தெரிகிறது. என்னையும் அங்கே வரச் சொன்னான். குழந்தை போகவில்லை, தான்தான் நாயை வெளியே விடவில்லை, பயந்து பொய் சொன்னதாக என் காது கேட்கச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். என் பொய்யை நானும் சொல்வேன் என்று காத்திருந்தான். துரைசாணியும் என்னைப் பார்த்தாள்.

நான் அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.