வெட்டாத நீலத் துணி

ஏப்ரல் 11

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது நான் மருந்துக் கடையிலிருந்து திரும்பியிருப்பதில்லை. காலையில் நீங்கள் வந்து படுப்பதற்குள் நான் கிளம்பியிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த டைரியில்தான் நம் குடித்தனம். தலையணையில் உங்கள் மெஷின் எண்ணெய் வாசனை மட்டும் மிச்சம்.

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். வந்தது நான் ஒருத்தி. அதனால் நான்தான் தலைவி! வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பலகை. சென்ற வருடம் எட்டாம் வகுப்பில் எழுதியதே மூன்று பேர். வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஐந்து பேராவது சேராவிட்டால் நடுநிலைப் பிரிவையே மூடிவிடுவார்களாம். இப்போதைக்கு மூன்று பேர், நம் குட்டியையும் சேர்த்து.

குட்டியை டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியம் வேன் பள்ளிக்கு அனுப்பப்போகிறோம் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 12

நீங்கள் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். “மூணு பேரு பாஸானா நூறு சதவீதமா? நான் ஒருத்தனா ஓடுனாலும் முதல் பரிசுதான்.” சிரித்துவிட்டேன். அடுத்த வரியில், “வேன் ஸ்கூல் யூனிஃபார்ம் நீலத் துணி தையல்கார அக்காகிட்ட குடுத்தாச்சு.” சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 20

குட்டி சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறாள். “எதிர்ல யாருடி?” என்றேன். “சுவரு. பாவம், எப்பவும் நான்தான் ஜெயிப்பேன்.”

பின்னக் கணக்கை மளமளவென்று போடுகிறாள். இங்கிலீஷில் பெயர் கேட்டால் தரையைப் பார்க்கிறாள். நானும் இதே பள்ளிதான். அப்போது பெஞ்சுக்கு ஐந்து பேர், முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடி இவளுக்கும் கிடைக்கவேண்டும் — வேறென்ன கேட்கிறேன்?

மே 3

ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கவேண்டும்போல் இருக்கிறது.

மே 17

தலைமை ஆசிரியையோடு வீடு வீடாகப் போனேன், பிள்ளை கேட்டு. தையல்கார அக்காவின் ரெட்டைப் பெண்களும் ஆறாம் வகுப்புக்குத்தான். நான் வாயைத் திறந்ததுதான் தாமதம் —

“ஏம்மா, உம் பொண்ணுக்கு நீலத்துல தைக்கச் சொல்லிட்டு, எம் பொண்ணுங்கள இங்க சேக்கச் சொல்றியா? ஊருக்குத்தான் உபதேசமா?”

தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

“வெட்டிட்டீங்களாக்கா?”

“இன்னும் இல்ல.”

“வெட்டாதீங்க.”

யாரைக் கேட்டுச் சொன்னேன்? பள்ளிக்கூடத்துக்காக நம் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டேனா?

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “உம் பொண்ணு இருந்தா எம் பொண்ணுங்களும் இருப்பாங்க. வீட்டுக்காரரக் கேட்டுட்டு வந்து சொல்லு.”

மே 18

இன்றும் எழுத நேரமாகிவிட்டது. காலையில் டைரியைப் பிரிக்காமலே தூங்கிவிட்டீர்கள் போல, நேற்றைய பக்கத்தின் கீழே உங்கள் வரி இல்லை. சாயங்காலம் அந்த ரெட்டையர் பந்து விளையாட வந்தார்கள். தெருவே இரண்டுபட்டது. இருட்டிய பிறகு குட்டி மூச்சிரைக்க உள்ளே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, நான் தோத்துட்டேன்!”

இங்கிலீஷை நான் சொல்லித்தருகிறேன். பட்டம் வாங்கியது பின் எதற்கு? துணி இன்னும் மடித்தபடியே அக்காவிடம் இருக்கிறது. வெட்டு என்றாலும் சரி, வெட்டாதே என்றாலும் சரி — தூங்கப்போகுமுன் கீழே ஒரு வரி எழுதிவையுங்கள். சீக்கிரம்.