சுண்டெலியும் பெருச்சாளியும்

மார்ச் 3, செவ்வாய்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, என் இடது கணுக்காலுக்குள் இருக்கும் தகட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் பேனா முனையால் எண்ணிக் காட்டினார். எலும்பு கூடிவிட்டதாம். மூட்டுதான் இனிமேல் பழையபடி மடங்காது. நடக்கலாம், மெதுவாகப் படி ஏறலாம்.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"என்ன வண்டி?"

"சின்னக் கார்தான். கியர் வண்டி."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "கிளட்சை மறந்துடுங்க சிஸ்டர்."

ஜனவரியில் ஒரு நோயாளி வீட்டு மாடிப்படியில் மருந்துப் பையோடு வழுக்கி விழுந்தபோதுகூட நான் அழவில்லை. இன்று வாடகைக் காரில் திரும்பும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். இவர் கவனித்திருப்பார். கவனிக்காத மாதிரி மருந்துச் சீட்டை வீடு வரைக்கும் படித்துக்கொண்டே வந்தார். மொத்தமே மூன்று மாத்திரை எழுதிய சீட்டு.

மார்ச் 5, வியாழன்

ஷெட்டுக்குப் போய் என் கார் சுண்டெலிக்குள் உட்கார்ந்தேன். ஏழு வாரத் தூசி. இடது கால் தானாகவே கிளட்ச் மேல் போய் உட்கார்ந்தது. சும்மா வைத்திருந்தேன். பிறகு அழுத்தினேன். பாதிகூடப் போகவில்லை, உயிர் போய் வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

பதினேழு வருடம். வாங்கியபோது மகளுக்கு ஆறு வயது. மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்த வண்டிக்கு அவள்தான் சுண்டெலி என்று பேர் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "மூஞ்சி அப்படித்தானே இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

முதல் வாரமே இவர் ஓட்டப் பழகுகிறேன் என்று கிளம்பினார். பின்னால் எடுப்பதற்குப் பதில் முன்னால் எடுத்து, எதிர் வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். உடைக்கவில்லை, சாத்தினார். திறந்து கிடந்த கேட், இவர் இடித்த இடியில் மூடித் தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று. அன்று சாவியை என் கையில் கொடுத்தவர்தான்.

அதிலிருந்து கெமிஸ்ட்ரி சாரைத் தினமும் பள்ளிக்கூட வாசலில் அவர் சம்சாரம்தான் இறக்கிவிடுகிறாள். இவருக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. பக்கத்து சீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டே வருவார். திருப்பங்களில் சிவப்பு மை கோணலாக இழுத்துக்கொள்ளும். நான் ஓட்டியதில் எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போயிற்றோ.

அந்த வண்டியில் என்ன சுகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேகம் கிடையாது. ஏசி போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். காலையில் இரண்டாம் கியர் விழாது. நியூட்ரலில் ஒரு நொடி விட்டு, எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கி, அப்புறம்தான் தள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறங்கும் சாலையில் ஏழு வளைவு. அதில் ஐம்பதில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும். டயர் ஒரு சின்னக் கல்லில் ஏறினால்கூட உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிற வேலை எனக்கு. சில நாள், கட்டப் போன வீட்டில் ஆளே இருக்காது, போய்ச் சேர்ந்திருப்பார். அந்த ஏழு வளைவையும் ஓட்டி இறங்கினால்தான் அன்றைக்கு மனுஷியாக வீட்டுக்குள் நுழைய முடியும்.

மார்ச் 12, வியாழன்

மறுபடி வேலைக்குப் போனேன். பெரிய சிஸ்டர் — எங்கள் மேலாளர், என்னைவிட ஆறு வயது சின்னவள் — ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டு வைத்திருந்தாள். போனும் கம்ப்யூட்டரும். யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடுகிற வேலை. "உக்காந்த இடத்துல வேலை அக்கா. வெயில் இல்ல, படி இல்ல" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். மதியம் வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 14, சனி

மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நம்ம சுண்டெலியையே புதுசா பண்ணியிருக்காங்க. அதே பேரு. கிளட்ச் கிடையாது. போய் ஓட்டிப் பாரேன்."

"அதே பேர் வச்சா அதே வண்டி ஆயிடுமா?"

"ஓட்டிப் பார்த்துட்டுத் திட்டும்மா. இப்பவே ஆரம்பிக்காத."

மார்ச் 17, செவ்வாய்

ஓட்டிப் பார்த்துவிட்டேன். இனித் திட்டலாம்.

ஷோரூமில் விளக்குக்குக் கீழே நின்றது. மூஞ்சி அதேதான், ஆனால் கன்னம் உப்பி, உடம்பு பெருத்து, கண் இரண்டும் கோபமாக மேலே ஏறியிருக்கிறது. இவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, விற்பனையாளருக்குக் கேட்காமல், "பெருச்சாளி" என்றார்.

டை கட்டிய விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்தார், இவர் பின்னால். "இதுக்குக் கால் ஒண்ணு போதும் மேடம். இன்னொரு காலுக்கு முழு ரெஸ்ட்." கிளப்பினேன். கிளம்பியதே தெரியவில்லை. ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு வளைந்து கொடுக்கிறது. ரோடு என்று ஒன்று கீழே இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் கீக்கீ என்று ஒரு சத்தம்.

"கோட்டை விட்டு லேசா விலகினீங்க மேடம், அதான் சொல்லுது."

"தெரிஞ்சுதான் விலகினேன். அங்க பள்ளம் இருக்கு."

"அதுக்குப் பள்ளம் தெரியாது மேடம். கோடு மட்டும்தான் தெரியும்."

எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கியரை அது மாற்றுகிறது, மழை பெய்தால் வைப்பரை அது போடுகிறது. பின்னே நான் எதுக்கு? சும்மா உக்காந்து வர்றதுக்கா? அதுக்குத்தான் ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்காங்களே.

பின் சீட்டில் இவர், "அலுங்காமப் போகுது இல்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மார்ச் 18, புதன்

"நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் காலையில். என் பதிலைத் தோசைக்கரண்டியை வைத்த சத்தம் சொல்லியிருக்கும்.

மார்ச் 26, வியாழன்

டைப்பிஸ்ட் அம்மா ஆபீசுக்குப் போன் செய்தார். நாற்பது வருடம் ஒரு வக்கீலிடம் டைப் அடித்தவர், தனி ஆள். காலில் ஆறாத புண். இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு புதுப் பெண்ணை அனுப்புகிறோம்.

"எப்படிம்மா கட்டுறா?"

"நல்லாதான் கட்டுறா சிஸ்டர். உங்களைவிட நேரா ஒட்டுறா டேப்பு. புண்ணு பாதி ஆறிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவ நிக்குறதே இல்ல. வெளியில வண்டியை அணைக்கிறதே இல்லபோல, சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்க எப்ப வருவீங்க?"

பார்க்கிறேன் என்றேன். பட்டியலில் அவர் பேருக்கு நேரே அந்தப் பெண்ணின் பேரை நானே தட்டச்சு செய்தேன்.

ஏப்ரல் 4, சனி

மறுபடி வீடுகளுக்குப் போக வேறு வழியில்லை, பெருச்சாளிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. மே முதல் வாரம் வருமாம். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களா என்று நான்தான் கேட்டேன். எடுத்துக்கொள்வார்கள். ஓட்ட ஆளில்லாத வண்டியை ஷெட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவா?

இவர் வரும் வழியெல்லாம் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

ஸ்பெஷல் கிளாஸ் என்று இந்த வாரம் முழுக்க இவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கெமிஸ்ட்ரியில் அப்படி என்ன வியர்வை?

ஏப்ரல் 13, திங்கள்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

சாயங்காலம் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு ஊன்றுகோலோடு நடந்தேன். நாற்சந்தியில் ஒரே ஹாரன் சத்தம். டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று நடு ரோட்டில் அணைந்து நின்றது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் லாரி. கார் ஒரு முறை துள்ளியது, அணைந்தது. மறுபடி துள்ளியது, அணைந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்து — இவர்.

ஐம்பத்து நாலு வயசு. பஸ் டிரைவர் தலையை நீட்டி என்னவோ கேட்டான். இவர் அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

நான் கடைக்குள்ளே போய் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என்னைப் பார்த்துவிடக் கூடாது. கடைக்காரர், "என்ன வேணும் சிஸ்டர்?" என்றார். என்ன வேண்டும் என்று மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ ஓட்டும்போது நான் பேப்பர் திருத்துறேன்னு நினைச்சியா? பாதி நேரம் உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு வருவேன். வீட்ல ஒரு மூஞ்சி, வேலையில ஒரு மூஞ்சி. அந்த வண்டியில மட்டும் வேற. அதைப் போய் ஒரு டை கட்டின ஆள்கிட்ட சாவியோட குடுத்துட்டு வரணும்னா, எனக்கு மனசு வரல."

"அதுக்கு நீங்க ஓட்டினா என் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"அது தெரியாது. வண்டி இருக்கும்ல."

எத்தனை வருஷம் ஆச்சு இந்த மனுஷனோட. ஒண்ணும் தெரியல எனக்கு.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஷோரூமுக்குப் போன் செய்து எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுண்டெலிக்குப் புது பேட்டரி. மெக்கானிக் ஓட்டி வந்து விளையாட்டு மைதானத்தில் விட்டுப் போனார்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் நான். அங்கிருந்து பார்த்தால் உலகமே வேறு மாதிரி இருக்கிறது. பதினோரு முறை அணைத்தார். நான் எண்ணினேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் கியரை அவர் இழுத்த இழுப்பில் எனக்குப் பல் கூசியது.

"காதுல கேளுங்க. அது சொல்லும்."

"என்ன சொல்லும்? எனக்கு ஒரே சத்தமா இருக்கு."

"பதினேழு வருஷம் பக்கத்துல உக்காந்து என்னதான் கேட்டீங்க?"

சண்டை. கதவைத் திறந்து இறங்கி கோல் போஸ்ட் வரைக்கும் நடந்து போய்விட்டார். நான் நொண்டிக்கொண்டு போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து போட்டார் பாருங்கள், சத்தமே இல்லாமல் இரண்டாம் கியர். அடுத்த முறை மறுபடி கடகடவென்றது.

மே 6, புதன்

பெருச்சாளி வந்துவிட்டது. சாம்பல் நிறம், இருந்தது அதுதான்.

மே 7, வியாழன்

முதல் வீடு டைப்பிஸ்ட் அம்மா. காலைக் கழுவிக் கட்டி முடித்து, ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் ஒருமுறை தன் சொந்த விவாகரத்து நோட்டீசை அவரிடமே டைப் அடிக்கச் சொன்ன கதை. "எழுத்துப் பிழையே இல்லாம அடிச்சுக் குடுத்தேன் சிஸ்டர். அவருக்கு அதுல ரொம்ப வருத்தம்." எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

கால் வலிக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மே 20, புதன்

நியாயமாக எழுத வேண்டும். இன்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏழு வளைவையும் பெருச்சாளியில் இறங்கினேன். அறுபத்தைந்தில் இறங்கினேன், ஐம்பது மாதிரிகூட இல்லை. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, உள்ளங்கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. சுண்டெலியில் பாதிச் சுகம், அது முடியாமல் முடித்தது என்பதில்தான் இருந்திருக்கிறது. இதற்கு எல்லாம் முடிகிறது.

ஆனால் மேலே ஏறும்போது, வளைவு முடியும் இடத்தில் பெடலை அரை நொடி முன்னால் அழுத்தினால், ஒரு உந்து உந்துகிறது. தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். திரும்பிப் போய் இன்னொரு தடவை செய்து பார்த்தேன். இன்னொரு தடவையும்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவ்வளவுதான்.

ஜூன் 8, திங்கள்

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, இரண்டாவது முயற்சியில். இன்று இவர் தானே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போனார். வாட்ச்மேன் பக்கத்து சீட்டைக் குனிந்து பார்த்து, "மேடம் வரலையா சார்?" என்றாராம். அதைச் சொல்லும்போது இவருக்குக் காது சிவந்திருந்தது. விடைத்தாளை இனி வீட்டில் உட்கார்ந்துதான் திருத்துகிறார். கோடெல்லாம் நேராக இருக்கிறது.

ஜூன் 13, சனி

பெருச்சாளிக்கு முதல் சர்வீஸ். விட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமே என்று இவரும் சுண்டெலியை எடுத்துக்கொண்டார். "நான் முன்னால போறேன், நீ பின்னால வா. உன் வேகத்துக்கு என்னால துரத்த முடியாது."

அரை மணி நேரம் அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினேன். நானே ஓட்டியதால் அது ஓடி ஒரு நாளும் வெளியிலிருந்து பார்த்ததில்லை. என் நினைப்பில் அது பெரிய வண்டி. லாரிகளுக்கு நடுவில் பார்த்தால் இத்தனூண்டு இருக்கிறது. திருப்பத்தில் ஒரு பக்கமாக முழு உடம்பையும் சாய்த்து, விழுந்துவிடும் போல் போய், நிமிர்ந்துகொள்கிறது. உள்ளே இருந்தபோது அவ்வளவு சாய்வதாகத் தெரியவே இல்லை. பின் கண்ணாடியில் இவர் தலை, ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. மேட்டில் கியர் மாற்றும்போது தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கேட்கிறார்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். எனக்கு முந்தத் தோன்றவில்லை.

பிரேக் போடும்போது சுண்டெலிக்கு ஒரு பக்க விளக்கு எரியவில்லை. எத்தனை வருடமாகவோ. நாளைக்கு பல்பு மாற்றச் சொல்ல வேண்டும்.