சாமியாரிடம் சொன்ன பொய்

லான்ஸ், பிரான்ஸ்
14 டிசம்பர் 1926

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

போன வாரம் நம் போலந்துச் சாமியார் நான் வேலை செய்யும் சுரங்க வாசலில் என்னிடம், "எந்த ஊருப்பா உனக்கு?" என்று நம் மொழியில் கேட்டார். கூட நின்ற பிரெஞ்சுக்காரர்கள் கேலி செய்வார்களே என்று, போலிஷ் தெரியாது என பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார்.

ஞாயிறன்று பாவசங்கீர்த்தனம். பிரெஞ்சுச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. வேறு வழியின்றி போலந்துச் சாமியாரிடமே மண்டியிட்டேன். போலிஷில் வாய் திறந்ததும், "ஒரே வாரத்துல நல்லா கத்துக்கிட்டியே" என்றார். கூசிப்போனேன்.

"நீ பண்ணுனத அம்மாவுக்கு எழுது, அதான் பரிகாரம்" என்றார். எழுதிவிட்டேன். கோபப்படாதீர்கள்.

என் பழைய செபப் புத்தகத்தை அனுப்புங்கள். நம் மொழியில் பரலோக மந்திரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சங்கு ஊதிவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகன்,
ஃபெலிக்ஸ்